கட்டிகள் எல்லாம் புற்றல்ல

தமிழில் ‘கட்டி’ என்பது பொல்லாத சொல் அன்று. வெல்லக் கட்டி என்றால் நாவில் நீர் ஊறுகிறது. மண்கட்டி என்றால் வயலும் ஏரும் நினைவுக்கு வருகின்றன. ஆனால், அதே சொல்லை மருத்துவர் ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டாலோ, அன்று அந்த வீட்டில் உலை ஏறுவதில்லை. “வயிற்றில் கட்டியாம்” என்று ஒருவர் சொல்ல, “புற்றுநோயாக இருக்குமோ?” என்று அடுத்தவர் ஐயுற, பொழுது சாய்வதற்குள் அது “புற்றுநோயாம்” என்றே உறுதிப்பட்டு, பக்கத்து எஸ்டேட் வரையில் பரவிவிடுகிறது.

சேர்வராயன் மலைமீது, ஏற்காட்டில், நாற்பது ஆண்டுகளாக வாழ்ந்து வருபவள் நான். அவற்றில் பெரும்பகுதியைப் பள்ளி ஆசிரியையாகக் கழித்தவள். மருத்துவம் படித்தவள் அல்லள். ஆயினும், பெண்களின் சூலகத்தில் தோன்றும் தீங்கற்ற கட்டிகளைப் பற்றி எழுதத் துணிவதற்குக் காரணம் உண்டு. அத்தகைய கட்டி ஒன்றை என் உடலிலேயே சுமந்து, நலம் பெற்றவள் நான். அதை அறிந்த காப்பித் தோட்டத்துப் பெண்கள், ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நிற்கும் வேளையில், தயங்கித் தயங்கி அருகில் வந்து, “டீச்சர், ஒரு விஷயம் கேட்கலாமா?” என்று தொடங்குவார்கள். அவர்களுக்குச் சொல்லி வந்தவற்றையும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்தவற்றையும் தொகுத்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் சூலகம் என்பது என்ன என்று பார்ப்போம். பாடநூல் சூலகம் என்பதையே ஆஸ்பத்திரியில் சினைப்பை என்கிறார்கள். கருப்பையின் இரு மருங்கிலும் பக்கத்துக்கு ஒன்றாக, வாதுமைக் கொட்டை வடிவில், ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நீளத்தில் அமைந்த உறுப்பு அது. மாதந்தோறும் அதில் ஒரு சிறு நீர்ப்பை வளர்கிறது. 2 சென்டிமீட்டர் அளவைத் தாண்டியதும் அது வெடித்து, உள்ளிருக்கும் முட்டையை வெளியே விடுகிறது. வெடித்த இடத்தில் மஞ்சள் நிறத் திசு ஒன்று உருவாகி, கரு உண்டாகாவிடில் இரண்டு வாரங்களில் சுருங்கிப் போகிறது. ஆகவே, சூலகத்தில் நீர்ப்பை தோன்றுவது நோய் அன்று. மாதவிலக்கு நிற்கும் காலம் வரையில் இயற்கை நடத்திவரும் மாதக் கணக்கு அது.

அந்தக் கணக்கு சில மாதங்களில் சற்றுப் பிசகுவதுண்டு. வெடிக்க வேண்டிய பை வெடியாமல் மேலும் நீர் சேர்ந்து பெருக்கும். அல்லது சுருங்க வேண்டிய மஞ்சள் திசு சுருங்காமல் நீரோ இரத்தமோ நிறைந்து நிற்கும். இவையே மிகச் சாதாரணமான நீர்க்கட்டிகள். இவற்றுள் பெரும்பாலானவை இரண்டு மூன்று மாதங்களில் தாமாகவே மறைந்துவிடுகின்றன. கருவுற்ற தொடக்க மாதங்களில் ஸ்கேன் செய்யும்போது காணப்படும் கட்டிகளில் பலவும் இவ்வகையைச் சேர்ந்தவையே. நான்காம் மாதம் கடப்பதற்குள் அவை பெரும்பாலும் காணாமற் போகின்றன. “கட்டி இருக்கிறது, மூன்று மாதம் கழித்து வாருங்கள்” என்று மருத்துவர் சொன்னால், அது அலட்சியம் அன்று. காத்திருப்பதும் மருத்துவத்தில் ஒரு வகை.

ஆனால், எல்லாக் கட்டிகளும் அப்படி மறைவதில்லை. எனக்கு வந்தது மறையாத வகை. 1991-ஆம் ஆண்டில் எனக்கு வயது முப்பத்திரண்டு; கைக்குழந்தையாக ஒரு மகன் இருந்தான். வலப்பக்க அடிவயிற்றில் மந்தமான வலி ஒன்று வந்து வந்து போயிற்று. சேலத்துக்கு இறங்கிச் சென்று ஸ்கேன் எடுத்தோம். நான் வெளியே வந்ததும், பெஞ்சியில் காத்திருந்த என் மாமியார் எழுந்து, “என்ன கண்ணு சொன்னார்கள்?” என்றார்கள். “சினைப்பையில் கட்டி என்கிறார்கள், அத்தை” என்றேன். அவர்கள் மறுமொழி சொல்லாமல் மறுபடியும் உட்கார்ந்து, ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

மருத்துவரான அம்மையார் எங்கள் இருவரையும் ஒருங்கே அழைத்து, ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். 7 சென்டிமீட்டர் அளவுள்ள டெர்மாய்டு கட்டி என்றும், ஸ்கேனில் காணும் தோற்றம் புற்றுநோயைக் குறிக்கவில்லை என்றும், எடுத்த பின்னர்ச் சோதனைக்கு அனுப்பி உறுதி செய்துகொள்ளலாம் என்றும் விளக்கினார். கட்டியை மட்டும் உரித்தெடுத்துச் சூலகத்தைக் காப்பாற்ற முயல்வதாகவும் சொன்னார். அப்படியே செய்தும் காட்டினார். சோதனை முடிவும் நல்லபடியாகவே வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து எனக்கு ஒரு மகள் பிறந்தாள்.

அந்தக் கட்டிக்குள் முடியும், கொழுப்பும், ஒரு பல்லும் இருந்தன. இதைக் கேள்வியுற்ற உறவினர் ஒருவர், “யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள்” என்று அடித்துச் சொன்னார். வயிற்றுக்குள் முடியும் பல்லும் எப்படி வரும் என்ற வியப்பு நியாயமானதே. ஆனால் விடை எளிது. ஒரு முழு உடலின் எல்லா உறுப்புகளையும் உண்டாக்கும் ஆற்றல் சூலகத்து முட்டை அணுவிற்கு இயல்பாகவே உண்டு. கருத்தரிப்பு நிகழாமலே அத்தகைய அணு ஒன்று தானே பிரிந்து வளரத் தொடங்கினால், தோலும், முடியும், பல்லும் ஒழுங்கின்றித் தோன்றுகின்றன. இளம்பெண்களுக்கே இது மிகுதியாக வருகிறது. மெல்ல வளர்வது, பத்தில் ஒருவருக்கு இரு பக்கமும் வருவது, புற்றாக மாறுவதோ நூற்றில் ஒன்று இரண்டு என்னும் அளவிலேயே உள்ளது. செய்வினை என்று சொல்லி எலுமிச்சம்பழம் வெட்டுவதால் கரையும் பொருளும் அன்று அது.

வேறு வகைகளும் உள்ளன. கருப்பையின் உட்புறத் திசுவைப் போன்ற திசு சூலகத்தில் படிந்து, மாதந்தோறும் அங்கேயும் இரத்தம் கசிந்து தேங்குவதால் உண்டாவது ஒரு வகை. உள்ளே நிற்கும் பழைய இரத்தம் கெட்டியான காப்பி டிக்காஷனைப் போல் கறுத்திருக்கும். மருத்துவர்கள் அதைச் சாக்லேட் கட்டி என்கிறார்கள். மாதவிலக்கின்போது தாங்க முடியாத வலியும், சிலருக்குக் கருத்தரிப்பதில் தடையும் இதனால் வருகின்றன. “பெண் என்றால் வலி இருக்கத்தான் செய்யும்” என்று நம் தாய்மார்கள் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த வலியைத்தான். மாதம் தவறாமல் ஒரு பெண்ணைப் படுக்கையில் வீழ்த்தும் வலி இயல்பான வலி அன்று. அதற்கு மருத்துவம் உண்டு.

சூலகத்தின் மேலுறையிலிருந்து தோன்றும் கட்டிகள் மற்றொரு வகை. அவற்றுள் சில தெளிந்த நீரும், சில பசைபோன்ற நீரும் நிரம்பியவை. பசைநீர்க் கட்டிகள் புற்றுநோயாக இல்லாமலே மிகப் பெரிதாக வளரக்கூடியவை. நிறை கர்ப்பம் போல வயிற்றைத் தள்ளச் செய்பவை அவையே.

இங்கே இரண்டு குழப்பங்களைத் தீர்த்துக்கொள்வது நலம். இளம்பெண்களிடம் இந்நாளில் அதிகமாகப் பேசப்படும் ‘பி.சி.ஓ.எஸ்.’ என்பது, பெயரில் நீர்க்கட்டி என்று வந்தாலும், இங்கே சொல்லிய கட்டிகளைச் சேர்ந்தது அன்று. சூலகத்தில் சிறுசிறு பைகள் பல முதிராமல் நின்றுவிடும் சுரப்பிக் கோளாறு அது; 1935-ஆம் ஆண்டில் ஸ்டைன், லெவந்தால் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் விவரித்தது. அதற்குக் கட்டியை வெட்டி எடுக்கும் வேலை இல்லை. உணவு, உடலுழைப்பு, மருந்து ஆகியவையே வழி. இன்னொன்று, கருப்பையின் தசைச் சுவரில் வரும் நார்க்கட்டி. புனித ஜியான்னா பெரெத்தா மோல்லாவின் வரலாற்றை அறிந்த நம் குடும்பங்களில் சிலர், அவருக்கு வந்தது சூலகக் கட்டி என்று எண்ணுகிறார்கள். 1961-ஆம் ஆண்டில், கருவுற்ற இரண்டாம் மாதத்தில் அவருக்குக் கண்டறியப்பட்டது கருப்பை நார்க்கட்டியே. அதுவும் புற்றுநோய் அன்று. உறுப்பு வேறு, கட்டி வேறு, மருத்துவமும் வேறு. மருத்துவர் சொல்லும் பெயரை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டால் இந்தக் குழப்பம் நேராது.

சாதாரணக் கட்டியையும் புற்றையும் வெளியிலிருந்து எப்படிப் பிரித்தறிகிறார்கள்? இதற்கு உதவும் ஸ்கேன் கருவியின் பிறப்பே ஒரு சூலகக் கட்டியோடு தொடர்புடையது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பேராசிரியராக இருந்த இயன் டொனால்டு என்னும் மகப்பேறு மருத்துவர், தொழிற்சாலைகளில் உலோகத்துக்குள் மறைந்திருக்கும் பழுதை ஒலி அலையால் கண்டுபிடிக்கும் கருவியைப் பற்றி அறிந்தார். 1955-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அறுவையில் எடுத்த நார்க்கட்டிகளையும் சூலகக் கட்டிகளையும் காரின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு, கொதிகலன் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்குச் சென்று சோதித்தார். நீர் நிறைந்த கட்டி ஒரு விதமாகவும், திண்ணிய கட்டி வேறு விதமாகவும் எதிரொலிப்பதைக் கண்டார். பின்னர், வயிறு வீங்கியிருந்த ஒரு பெண்ணுக்கு இரைப்பையில் முற்றிய புற்றுநோய் என்று பிற மருத்துவர்கள் கைவிட்ட நிலையில், டொனால்டின் கருவி அங்கே பெரியதொரு நீர்க்கட்டியைக் காட்டியது. அறுவை செய்தார்கள், தீங்கற்ற சூலகக் கட்டி, அந்தப் பெண் பிழைத்தாள். இந்த ஆய்வு 1958-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியாயிற்று. சாவுக்கு நாள் குறிக்கப்பட்ட ஒருத்தியை மீட்டது, கட்டி என்ன வகை என்று பார்க்க ஒருவர் முயன்றதுதான்.

மெல்லிய சுவரும் தெளிந்த நீரும் மட்டும் தெரிந்தால் அது பெரும்பாலும் சாதாரணக் கட்டி. உள்ளே திண்ணிய பகுதிகளும், ஒழுங்கற்ற தடிப்புகளும், புதிய இரத்த ஓட்டமும் தெரிந்தால் மேலும் ஆராய வேண்டும். ‘சி.ஏ. 125’ என்னும் இரத்தச் சோதனையும் செய்யச் சொல்வார்கள். அதன் எண் கூடியிருப்பதைக் கண்டதும் கலங்க வேண்டாம். மாதவிலக்கு நாள்களிலும், நார்க்கட்டியிலும், சாக்லேட் கட்டியிலும், நம் நாட்டில் இன்னும் நீங்காத வயிற்றுக் காசநோயிலும் அந்த எண் உயரும். வயிற்றில் நீர் கோத்து, அந்த எண்ணும் உயர்ந்து, புற்றுநோய் என்று அஞ்சப்பட்டுக் கடைசியில் காசநோய் என்று தெரிந்து, மாத்திரையால் குணமாவோரும் உண்டு. ஒரு சோதனைத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

இனி, மருத்துவம் தீர்க்க முடியாத ஒரு நோயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது நம் நாவில் உள்ளது. சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பக்கத்து எஸ்டேட்டில் மணமாகாத பெண் ஒருத்திக்கு வயிறு பெருக்கத் தொடங்கியது. காப்பிப் பழம் பறிக்கும் காலம் அது. இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு செடிக்குச் செடி நகரும் பெண்கள் நடுவே, அவளைப் பற்றிய பேச்சும் நகர்ந்தது. வீட்டார் வெளியே சொல்ல வெட்கி, ஸ்கேன் மையத்தில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அஞ்சி, மூன்று மாதங்கள் கடத்தினார்கள். ஒருவாறு கீழே இறங்கிச் சென்றபோது, அது பசைநீர்க் கட்டி என்று தெரிந்தது. அறுவை முடிந்து அவள் நலமாகத் திரும்பினாள். ஆனால், அவளைப் பேசிய வாய்கள் ஒன்றேனும் அவள் வீட்டுப் படியேறி மன்னிப்புக் கேட்டதாக நான் அறியேன். அந்த மூன்று மாதங்களில் கட்டி முறுக்கிக்கொண்டிருந்தால் அவள் உயிருக்கே ஆபத்து நேர்ந்திருக்கலாம். அயலாரின் பேச்சுக்கு அஞ்சி ஒரு பெண் மருத்துவரிடம் செல்லாமல் இருந்தால், அந்தத் தாமதத்தில் நமக்கும் பங்கு உண்டு.

மணமாகாத பெண்களின் தாய்மார்கள் ஒன்று அறிந்திருக்க வேண்டும். ஸ்கேன் கருவுற்றவர்களுக்கு மட்டும் உரியதன்று. நீர் நிறைய அருந்திச் சிறுநீரை அடக்கிய நிலையில், வயிற்றின் மேற்புறத்திலேயே கருவியை வைத்துப் பார்க்கலாம், உட்சோதனை தேவையில்லை. ஆண் மருத்துவரிடம் காட்டக் கூசிய பெண்களுக்காக, மேரி ஷார்லிப் என்னும் பெண் மருத்துவர் 1885-ஆம் ஆண்டிலேயே சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். இன்று திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுவே. இந்நாளிலோ மாவட்டந்தோறும் பெண் மருத்துவர்கள் இருக்கிறார்கள். கூச்சம் இனிக் காரணம் ஆகாது.

அறுவை தேவை என்றால் அஞ்ச வேண்டுமா? 1809-ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், ஜேன் டாட் கிராஃபோர்டு என்னும் பெண் பெரிய சூலகக் கட்டியோடு அறுபது மைல் குதிரையில் பயணம் செய்து, எஃப்ராயிம் மெக்டவல் என்னும் மருத்துவரின் வீட்டை அடைந்தார். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். அறுவை நடந்தபோது அவர் திருப்பாடல்களைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஏறக்குறைய 10 கிலோ எடையுள்ள கட்டி அகற்றப்பட்டது. அதன் பின் அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அவர் பட்ட வேதனையில் நூற்றில் ஒரு பங்கும் இன்று நமக்கு இல்லை. வயிற்றில் சிறு துளைகள் இட்டு, லேப்ராஸ்கோப்பி முறையில் கட்டியை எடுத்து, ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

அஞ்ச வேண்டுவது வேறொன்றுக்கு. “கட்டி வந்துவிட்டது, குழந்தைகளும் பிறந்துவிட்டன, எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்” என்று நம்மவர்களே மருத்துவரை வற்புறுத்துவதுண்டு. சூலகம் பிள்ளைப்பேற்றுக்கு மட்டும் உரியதன்று. மாதவிலக்கு நிற்கும் வயதுக்கு முன்னே இரண்டு சூலகங்களையும் எடுத்துவிட்டால், முதுமையின் மாற்றங்கள் ஒரே நாளில் வந்து சேரும். எலும்பு பலம் குன்றும். இதயநோய்க்கும் வாய்ப்புக் கூடும். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலருக்கு இளவயதிலேயே கருப்பை அகற்றப்பட்ட செய்தி 2019-ஆம் ஆண்டில் நாட்டை உலுக்கியது. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கட்டியை மட்டும் எடுத்துச் சூலகத்தைக் காக்க முடியுமா என்று கேட்பது நோயாளியின் உரிமை. ஒரு சூலகம் இருந்தாலே மாதவிலக்கும் வரும்; கருவும் தரிக்கும்.

சாக்லேட் கட்டிக்காக மருத்துவர் ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தால், அது கருத்தடை மாத்திரை ஆயிற்றே என்று மனச்சான்று உறுத்துவதாகச் சில சகோதரிகள் சொல்வதுண்டு. திருத்தந்தை ஆறாம் பவுல் 1968-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஹூமானே வீத்தே’ சுற்றுமடலின் 15-ஆம் பகுதி இதைத் தெளிவுபடுத்துகிறது. உடல்நோயைக் குணப்படுத்தத் தேவையான மருத்துவத்தால் கருத்தரிப்புக்குத் தடை நேரும் என்று முன்னரே தெரிந்தாலும், அந்தத் தடையே நோக்கமாக இல்லாதவரையில், அது குற்றமாகாது. மருந்தை மறைத்து வைத்து வலியில் துடிக்க வேண்டியதில்லை.

மலைவாழ் மக்களாகிய நமக்கென்று தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு. 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டி, குறிப்பாக டெர்மாய்டு, தன் கனத்தால் சூலகத்தைக் காம்போடு முறுக்கிவிடக்கூடும். கொம்பில் தொங்கும் கனத்த பழம் காற்றில் சுழல்வதைப் போன்றது அது. முறுக்கினால் இரத்த ஓட்டம் தடைப்படும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகத் திடீரென்று கடும் வலியும், அதோடு வாந்தியும் வரும். சில மணி நேரத்துக்குள் முறுக்கை அவிழ்த்தால் சூலகம் பிழைக்கும், தாமதித்தால் அழுகிவிடும். ஏற்காட்டிலிருந்து சேலம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகள். எஸ்டேட்டின் உள்ளிருந்து பெரிய சாலைக்கு வரும் நேரம் தனி. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது மண் சரிந்து அந்தச் சாலையே தடைப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஆகவே, கட்டி இருப்பதாக அறிந்த பெண்ணுக்கு இரவில் இத்தகைய வலி வந்தால், ஓமநீர் கொடுத்து விடியட்டும் என்று காத்திராமல், 108-ஐ அழைத்து உடனே கீழே இறங்க வேண்டும். ஸ்கேன் தாளை எடுத்துச் செல்ல மறக்கலாகாது.

காத்திருக்கக் கூடாதவர்கள் இன்னும் சிலர் உண்டு. மாதவிலக்கு நின்ற பின் கட்டி காணப்படுபவர்கள். வயிறு உப்பலும், சிறிது உண்டதும் நிறைந்துவிடும் உணர்வும், அடிக்கடி சிறுநீர் கழித்தலும் சில வாரங்களாக நீங்காதவர்கள். காரணமின்றி உடல் மெலிபவர்கள். தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ மார்பகப் புற்றோ சூலகப் புற்றோ வந்தவர்கள். இவர்கள் தாமதமின்றிச் சோதித்துக்கொள்ள வேண்டும். “வாயு” என்று இஞ்சிச்சாறு குடித்துக் காலம் கடத்துவது இங்கே ஆபத்து. செலவுக்கு அஞ்சுவோர், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தங்களுக்கு இடம் உண்டா என்று மருத்துவமனையிலேயே கேட்டறியலாம்.

அன்புச் சகோதரிகளே, மிதமிஞ்சிய அச்சமும் மிதமிஞ்சிய அலட்சியமும் ஒன்றுபோலவே தீங்கு செய்கின்றன. அஞ்சுகிறவள் மறைக்கிறாள்; அலட்சியம் செய்கிறவள் மறக்கிறாள்; இருவரும் மருத்துவரிடம் செல்வதில்லை. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ‘கட்டி’ என்ற சொல் கேட்குமானால், நான்கு கேள்விகளை எழுதிக்கொண்டு அந்தப் பெண்ணோடு மருத்துவரிடம் செல்லுங்கள்: இது என்ன வகை? எத்தனை சென்டிமீட்டர்? எடுக்க வேண்டுமா, காத்திருக்கலாமா? காத்திருப்பதானால் மறுபடியும் எந்தத் தேதியில் பார்க்க வேண்டும்? நான்காவது கேள்விக்குக் கிடைக்கும் விடையை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்த நாள் வரும்போது அவளுக்கு நினைவூட்டுங்கள்.